பலகையைக் குறை சொல்லுமுன் வோல்ட்டைப் பாருங்கள்

இலத்திரனியல் பழகத் தொடங்குபவர் முதல் பலகையாக ராஸ்பெரி பை வாங்க வேண்டாம். பை நல்ல பலகைதான். ஆனால் அது முழுக் கணினி. அதில் லினக்ஸ் ஓடுகிறது, மெமரி கார்ட் வேண்டும், முறைப்படி நிறுத்த வேண்டும். அதன் பின்கள் (வயர் செருகும் ஊசிகள்) 3.3 வோல்ட்டுக்கு உரியவை. தவறி 5 வோல்ட் பட்டால் சில்லு போய்விடும். பழகும் கைகள் வயரை மாற்றிச் செருகத்தான் செய்யும். அந்தத் தவறைக் குறைந்த காசில் செய்ய இடம் தரும் பலகைதான் முதலில் வேண்டும்.

அந்த இடத்துக்கு இரண்டு பெயர்கள் போதும். ஒன்று ஆர்டுயினோ யூனோ ஆர்3 அல்லது பழைய நானோ. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் வடிவமைப்பு மாணவர்களுக்காகத் தொடங்கிய திட்டம் அது. 5 வோல்ட்டில் ஓடும், 32 கிலோபைட் நினைவகம், வைஃபை இல்லை. மற்றது சீனாவின் எஸ்பிரசிஃப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இஎஸ்பி32. அது 3.3 வோல்ட், வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கின்றன. இரண்டும் மைக்ரோகண்ட்ரோலர்கள். நீங்கள் எழுதிய ஒரேயொரு புரோகிராமை மட்டும் ஓட்டும். கரண்ட் வந்தவுடன் விட்ட வேலையைத் தொடங்கும். போனால் அப்படியே நிற்கும், ஒன்றும் கெடாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட இலங்கையில் இது சின்ன விடயம் அல்ல.

யூனோவா இஎஸ்பி32ஆ என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைக்கு யூனோ. அது அடி தாங்கும். வீட்டில் பயன்படும் ஒன்றைச் செய்ய நினைப்பவருக்கு இஎஸ்பி32. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி பெரும்பாலும் இரண்டாமவருக்கு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடங்குபவர்கள் "கோட் பிழை" என்று நினைத்து இரவிரவாகத் தேடும் கோளாறுகளில் பெரும்பங்கு கோட்டில் இருப்பதில்லை. வோல்ட் குறைவு, மின்னோட்டம் போதாமை, கிரவுண்ட் (பொது எதிர்முனை) இணைக்காமை, 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் மோதுவது ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் அது இருக்கும். நான்கையும் ஒரு மல்டிமீற்றர் காட்டிக்கொடுக்கும். ஆகவே பலகைக்கு முன் மீற்றர்.

கொழும்பில் இந்தச் சாமான்களுக்குப் போகவேண்டிய இடம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவும் அதையொட்டிய சந்துகளும். மெமரி கார்ட், நல்ல யூஎஸ்பி கேபிள், பாவித்த கணினி என்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தையும் பயன்படும். தடித்த வயர், கத்தி ஃபியூஸ், அதன் பிடி எல்லாம் அங்கே சுலபம். புறக்கோட்டைக்கு வார நாளில் காலையிலேயே போவது நல்லது. வெள்ளி நண்பகல் ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் சாத்தியிருக்கும்; போயாவிலும் ஞாயிறிலும் அலைந்து திரும்ப நேரும்.

மீற்றரைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். கையில் ஒரு புதிய ஏஏ பற்றரி கொண்டுபோங்கள். டிசி 20 வோல்ட் நிலையில் 1.5க்கும் 1.6க்கும் இடையில் காட்ட வேண்டும். பிறகு பஸர் குறியில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். உடனே கத்த வேண்டும். அரை நொடி தாமதித்துக் கத்தும் மீற்றர் பழக்கத்துக்கு உதவாது, ஏனெனில் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் முக்கால்வாசி வேலை. பஸரே இல்லாத மலிவு மீற்றர்களும் உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்த பின் ஒரு பழக்கம் வேண்டும்: ஓட்டம் அளக்கச் சிவப்பு முனையை 10 அம்பியர் துளைக்கு மாற்றினால், அளந்து முடிந்ததும் அந்த நொடியே பழைய துளைக்குத் திருப்பிவிடுங்கள். அந்தத் துளையில் மீற்றர் வெறும் கம்பித்துண்டுக்குச் சமம். அப்படியே வைத்துக்கொண்டு வோல்ட் பார்க்கப் போனால் நேரடி ஷோர்ட்.

மற்றச் சாமான்கள் இவ்வளவு போதும். ஈயம் வைக்காமல் வயர் செருகிச் சுற்று அமைக்கும் 830 துளைப் பிரெட்போர்ட் இரண்டு. கால் வாட் ரெசிஸ்டர்களில் 330 ஓம், 1 கிலோஓம், 4.7 கிலோஓம், 10 கிலோஓம் ஒவ்வொன்றிலும் 20. சிவப்பு எல்ஈடி 10. 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் 10, 470 மைக்ரோஃபராட் 16 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக் 3. அழுத்து சுவிட்ச் 5. ஜம்பர் வயர் ஆண்-ஆண் 40, ஆண்-பெண் 20. நூறு வகை சேர்ந்த பெரிய "ஸ்டார்டர் கிட்" பெட்டி வேண்டாம். அதில் பாதியை ஒருபோதும் தொடமாட்டீர்கள். வேண்டிய ரெசிஸ்டரோ ஐந்துதான் இருக்கும்.

பிரெட்போர்டுக்கு ஜம்பரைவிட நல்லது நெட்வேர்க் கேபிளின் உள்ளிருக்கும் ஒற்றைக் கம்பி. ஒரு மீற்றர் வெட்டுத்துண்டில் எட்டு நிறத்தில் எட்டுக் கம்பி கிடைக்கும். அரை மில்லிமீற்றர் தடிப்பு, துளையில் இறுகப் பிடிக்கும். வாங்கும்போது முனையைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். இரண்டு முறை வளைத்தால் முறியும், ஈயமும் ஒழுங்காகப் பிடிக்காது.

பலகையை முதன்முதலில் கணினியில் செருகும்போது ஒன்றும் நடக்கவில்லையென்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல் இருக்கட்டும். போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் தரவுக் கம்பிகள் இரண்டும் இல்லை. பலகையில் விளக்கு எரியும், கணினிக்கோ ஒன்றும் தெரியாது. அடுத்தது டிரைவர். நம் கடைகளில் கிடைக்கும் பலகைகளில் பெரும்பாலும் சிஎச்340 அல்லது சிபி2102 என்ற யூஎஸ்பி சில்லு இருக்கும். பெயரைச் சில்லின் முதுகிலேயே வாசிக்கலாம். விண்டோஸில் அதற்குரிய டிரைவரைப் போட்டால் போர்ட் தெரியவரும். இஎஸ்பி32இல் "கனெக்டிங்" என்று புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தால், பலகையின் "பூட்" பொத்தானை அழுத்திப் பிடித்து, எழுதத் தொடங்கியதும் விடுங்கள். ஆர்டுயினோ நானோ நகலில் ஏற்ற முடியவில்லையென்றால் மென்பொருளின் புரொசசர் பட்டியலில் "ஓல்ட் பூட்லோடர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாங்கிய பலகை பழுது என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகுமுன் இவை மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

முதல் சுற்று வழமைபோல எல்ஈடி. ரெசிஸ்டரைக் குத்துமதிப்பாகப் போடாமல் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இஎஸ்பி32 பின்னில் 3.3 வோல்ட். சிவப்பு எல்ஈடி எரியும்போது சுமார் 2 வோல்ட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மிச்சம் 1.3. அதை 330 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 4 மில்லிஅம்பியர். கண்ணுக்குத் தாராளம், பின்னுக்கும் பாரமில்லை. யூனோவின் 5 வோல்ட்டில் அதே ரெசிஸ்டர் 9 மில்லிஅம்பியர் தரும், அதுவும் சரி. நீல, வெள்ளை எல்ஈடிக்கு 3 வோல்ட் போல வேண்டும் என்பதால் 3.3இல் மங்கலாகவே எரியும், அது பழுதல்ல. பிறகு மீற்றரை எடுத்து எல்ஈடியின் இரு கால்களிலும், ரெசிஸ்டரின் இரு கால்களிலும் தனித்தனியே வோல்ட் அளந்து பாருங்கள். இரண்டையும் கூட்டினால் பின்னின் வோல்ட் வர வேண்டும். பத்து நிமிட வேலை. ஓமின் விதி அதற்குப் பிறகு மனப்பாடமாக இருக்காது, கையில் இருக்கும்.

பிரெட்போர்ட்டில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஓரங்களில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள் பல பலகைகளில் நடுவில் அறுந்திருக்கும். கோடு தொடர்ந்து வரைந்திருந்தாலும் நம்பாமல் பஸரால் பாருங்கள். மற்றது, பெரும்பாலான இஎஸ்பி32 பலகைகள் அகலம் கூடியவை. குத்தி இறக்கினால் ஒரு பக்கத்தில் வயர் செருக ஒரு துளையும் மிஞ்சாது. இரண்டு பிரெட்போர்ட் வாங்கச் சொன்னது இதற்காகவே. பக்கத்துக்குப் பக்கம் வைத்து நடுவிலுள்ள ஓரப்பட்டையைக் கழற்றிவிட்டுப் பாலம்போல மாட்டுங்கள்.

எல்ஈடி மினுங்கியதும் பலர் பொழுதுபோக்குக்கு எதையாவது செய்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கொழும்பு வீடுகளுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது: மேல்மாடித் தண்ணீர் டாங்கியில் எவ்வளவு மிச்சம் என்று கீழே இருந்து பார்ப்பது. சின்னது, பயனுள்ளது, இந்தக் கலையின் முக்கியமான இடறல்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

டாங்கிக்குள் இரண்டு கம்பியை விட்டுத் தண்ணீர் தொடுகிறதா என்று பார்ப்பது பழைய முறை. டிசி மின்சாரம் தொடர்ந்து ஓடினால் மின்பகுப்பால் ஒரு கம்பி சில வாரங்களில் அரித்துப்போகும். அரித்த உலோகம் நீங்கள் சமைக்கும் தண்ணீரில் கலக்கும். ஆகவே தண்ணீரைத் தொடாத ஒலி முறையே நல்லது. மேலே மூடியில் ஒரு சென்சர் ஒலித்துடிப்பை அனுப்பும், நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தால் தூரம் கிடைக்கும். மேசையில் பழக எச்.சி-எஸ்ஆர்04 என்ற சென்சர் போதும். டாங்கிக்கு அது சரிவராது. அதன் இரு திறந்த கண்களிலும் ஆவி படிந்து, கொஞ்ச நாளில் பைத்தியக்கார எண்கள் வரும். வயரோடு மூடிய ஒற்றைக் கண் கொண்ட ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்குங்கள். அதற்கு ஒரு குருட்டு எல்லை உண்டு: 20 முதல் 25 சென்றிமீற்றருக்கு உள்ளே வரும் எதையும் அளக்காது. டாங்கி நிரம்பும்போது நீர்மட்டம் மூடிக்கு அதைவிடக் கிட்ட வருமானால், சென்சரை மூடிக்கு மேலே ஒரு பிவிசி கழுத்து வைத்து உயர்த்த வேண்டும். கழுத்து ஒடுங்கியிருந்தால் அதன் விளிம்பிலேயே ஒலி பட்டுத் திரும்பிவிடும். 110 மில்லிமீற்றர் குழாய் வையுங்கள். உள்ளே விழும் தண்ணீர்க் குழாய்க்கும் சுவருக்கும் விலகி, நடுவை நோக்கி நேரே கீழே பார்க்க வேண்டும்.

இணைப்பில் கவனிக்க வேண்டியது ஒரேயொரு கம்பி. சென்சர் 5 வோல்ட்டில் ஓடுவதால் எதிரொலி நேரத்தைத் தரும் அதன் "எக்கோ" பின்னில் 5 வோல்ட் வரும்; இஎஸ்பி32இன் பின் 3.3 வோல்ட்டுக்கு உரியது. நேரே கொடுத்தால் சில நாள் ஓடிவிட்டுச் சாகலாம். அப்படிச் சாகும்போது காரணமும் தெரியாது. எக்கோவிலிருந்து ஒரு 1 கிலோஓம், அதன் மறுமுனையிலிருந்து தொடராக இரண்டு 1 கிலோஓம் கிரவுண்டுக்கு. முதல் ரெசிஸ்டரும் மற்ற இரண்டும் சேருமிடத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.33 வோல்ட் இருக்கும். அங்கிருந்து பின் 26க்கு வயர். துடிப்பை அனுப்பச் சொல்லும் "ட்ரிக்" பின்னுக்கு 25இலிருந்து நேரே கொடுக்கலாம், 3.3 வோல்ட்டை அது ஏற்றுக்கொள்ளும். இஎஸ்பி32க்குச் செருகுமுன் அந்தச் சந்தியில் எக்கோவுக்குப் பதிலாக 5 வோல்ட்டைக் கொடுத்து மீற்றரால் பார்த்துவிடுங்கள். 3.3க்குக் கிட்ட இல்லாமல் 1.7 காட்டினால் ரெசிஸ்டர்களைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

பின் தெரிவிலும் ஒரு வார்த்தை. 34 முதல் 39 வரை உள்ளீட்டுக்கு மட்டுமே. அவற்றில் எல்ஈடி எரியாது. 12ஆம் பின்னைப் பலகை எழும்பும் நேரத்தில் மேலே இழுத்துவைத்தால் பலகை எழும்பாது. வைஃபை ஓடும்போது ஏடிசி2 (அனலாக் வோல்ட்டை எண்ணாக்கும் இரண்டாம் பகுதி) பின்களில் அனலாக் அளவு வராது. அனலாக் சென்சருக்கு 32 முதல் 36 வரையும் 39ஐயும் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு: ட்ரிக்குக்கு 10 மைக்ரோநொடித் துடிப்பு, எக்கோ எத்தனை மைக்ரோநொடி உயர்ந்திருக்கிறது என்ற அளவு, அதை 58ஆல் வகுத்தால் சென்றிமீற்றர். அந்த 58 என்பது 20 பாகை செல்சியஸ் காற்றுக்குரியது; அங்கே ஒலி நொடிக்கு 343 மீற்றர் போகும். நம் மொட்டைமாடி டாங்கிக்குள் 30 பாகைக்குக் குறைவது அரிது. அங்கே 349க்கு மேல். 57ஆல் வகுத்தால் உண்மைக்குக் கிட்ட வரும். ஒரு மீற்றருக்கு 2 சென்றிமீற்றர் வித்தியாசம் பெரிதா என்றால், ஒரு மீற்றர் விட்டமுள்ள டாங்கியில் ஒவ்வொரு சென்றிமீற்றரும் 7.85 லீற்றர். ஒரு வாசிப்பை நம்ப வேண்டாம். 60 மில்லிநொடி இடைவெளியில் ஒன்பது வாசிப்பு எடுத்து, வரிசைப்படுத்தி, நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் ஒரு பிழையான எதிரொலி முழுக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போய்விடும். நடு எண் அசையாது. எதிரொலியே திரும்பாவிட்டால் வாசிப்பு பூச்சியமாக வரும். அதை "டாங்கி நிரம்பிவிட்டது" என்று எடுத்துக்கொள்ளாதபடி கோட்டில் தள்ளிவிட வேண்டும்.

மேசையில் ஓடியது மாடிக்குப் போனதும் நிற்கும். வைஃபை துடிப்பை அனுப்பும் கணத்தில் இஎஸ்பி32 பல நூறு மில்லிஅம்பியரை ஒரேயடியாக இழுக்கும். 500 மில்லிஅம்பியராவது தரக்கூடிய சப்ளை வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. பலகை அனுப்பும் வரிகளைக் கணினியில் காட்டும் சீரியல் திரையில் "ப்ரவுன்அவுட் டிடெக்டர்" என்ற வரி திரும்பத் திரும்ப வந்து பலகை மீண்டும் மீண்டும் எழும்பினால் காரணம் இதுதான். பலகையின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் அந்த 470 மைக்ரோஃபராட் கெப்பாசிட்டரை வையுங்கள். கோடு போட்ட கால் கிரவுண்டுக்கு. பெரும்பாலும் அது போதும். அதற்கும் அடங்காவிட்டால் வயர்தான் குற்றவாளி.

வயரைக் கணக்கில் பார்ப்போம். கீழிருந்து மாடிக்கு 15 மீற்றர் நெட்வேர்க் கேபிளில் ஒரு சோடி வழியே 5 வோல்ட் அனுப்புகிறீர்கள். 24 கேஜ் செம்புக்கம்பி மீற்றருக்கு 0.084 ஓம், போக 15, வர 15, மொத்தம் 2.5 ஓம். 0.3 அம்பியர் ஓடினால் 0.75 வோல்ட் வழியிலேயே போய்விடும். மேலே போய்ச் சேருவது 4.25. அதையே 12 வோல்ட்டாக அனுப்பி, மேலே ஒரு பக் கன்வேட்டரால் 5 ஆக்கினால் கம்பியில் ஓடுவது 0.14 அம்பியர்போல, இழப்பு 0.35 வோல்ட். 11.65 வந்தாலும் கன்வேட்டருக்குக் கவலையில்லை. பக் கன்வேட்டரின் சின்ன ஸ்குரூவை முதலில் மீற்றரைப் பார்த்தபடி திருகி 5.0க்குக் கொண்டுவந்த பிறகுதான் பலகையை இணைக்க வேண்டும். வாங்கும்போது அது எந்த வோல்ட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மொட்டைமாடி வரை ஓடும் நீளமான வயருக்கு இன்னொரு ஆபத்து இடி. மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும், பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அந்த மாதங்களில், பின்னேர இடிமின்னல் கொழும்புக்குப் பழகிய விடயம். பக்கத்து வீதியில் விழும் மின்னலே நீண்ட வயரில் சில்லைக் கொல்லும் அளவு வோல்ட்டைத் தூண்டிவிடும். அதனால் முடிந்தால் வயரைத் தவிர்த்து 18650 லித்தியம் பற்றரியும் சின்னச் சோலார் தகடும் வையுங்கள்.

பற்றரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நிரம்பிய 18650இல் 4.2 வோல்ட். அதை 3.3 பின்னுக்கு நேரே கொடுத்தால் சில்லின் 3.6 உச்ச எல்லையைத் தாண்டும். 5 வோல்ட் பின்னுக்குக் கொடுத்தால், பெரும்பாலான பலகைகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் தனக்கு 1.1 வோல்ட் கேட்கும், 3.3 வெளியே வர 4.4 உள்ளே வேண்டும், பற்றரியிடம் அது இல்லை. ஆகவே 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பூஸ்ட் கன்வேட்டர் நடுவில் வேண்டும். சென்சருக்கும் அந்த 5 வோல்ட் தேவைதானே. இஎஸ்பி32ஐத் தூங்கவைத்தால் பற்றரி மாதக்கணக்கில் போகும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். சில்லு மட்டும் தூங்கும்போது 10 மைக்ரோஅம்பியர் என்பது உண்மை. ஆனால் அதே ஏஎம்எஸ்1117 சும்மா இருக்கவே 5 மில்லிஅம்பியர் குடிக்கும். 2000 மில்லிஅம்பியர்-மணி பற்றரி அதற்கு மட்டுமே 400 மணி நேரம், அதாவது இரண்டரை வாரத்துக்குள் காலி. சோலார் தகட்டை அதற்கேற்பத் தெரிவு செய்ய வேண்டும். போன் பவர் பேங்கை வைக்க நினைத்தால், ஓட்டம் குறைந்தவுடன் "போன் கழற்றப்பட்டது" என்று எண்ணி அது தானாக அணைந்துவிடும். தூங்கும் பலகைக்கு அது ஆகாது.

மட்டம் தெரிந்ததும் அடுத்த ஆசை பம்பையும் தானாக ஓடவைப்பது. இங்கே நில்லுங்கள். கடையில் கிடைக்கும் நீல ரிலேயில் (பலகையால் இயக்கும் சுவிட்ச்) 10 அம்பியர் 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அது ஹீட்டர்போன்ற சுமைக்கு. அரை, ஒரு குதிரைவலு மோட்டர் தொடங்கும் கணத்தில் ஓடும் ஓட்டத்தின் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயின் உள்முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் நீங்கள் அணைத்தாலும் பம்ப் நிற்காது. 230 வோல்ட் பக்கத்தை உரிமம் பெற்ற மின்தொழில்நுட்பவியலாளரிடம் கொடுத்து, தகுந்த கொன்டாக்டர் (மோட்டருக்கான பெரிய ரிலே), ஓவர்லோட், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் போட்டு முடியுங்கள். உங்கள் ரிலே அந்தக் கொன்டாக்டரின் கொயிலை மட்டும் இயக்கட்டும். அதுவரை, டாங்கி நிரம்பினால் போனுக்குச் செய்தி வருவதே போதுமான உதவி.

மாடிக்குப் போகும் எதுவும் பிரெட்போர்ட்டில் போகக்கூடாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடலோரத்தில் உப்புக்காற்று அதன் தொடுமுனைகளைச் சில மாதங்களில் பச்சையாக்கிவிடும். செம்புத்தடங்கள் கொண்ட வெரோபோர்ட் வாங்கி ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். வெப்பம் மாற்றக்கூடிய 60 வாட் சோல்டரிங் அயன், நடுவில் ரொசின் உள்ள 0.8 மில்லிமீற்றர் 60/40 ஈயக்கம்பி, நுனி 330 பாகைக்குப் பக்கம். குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசையைக் கிட்டவும் எடுக்காதீர்கள். அது பற்றவைத்த பின்னும் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். அயனால் காலையும் செம்புத்தடத்தையும் சேர்த்து இரண்டு நொடி சூடாக்கி, ஈயத்தை அயனில் வைக்காமல் அந்தச் சந்தியில் வையுங்கள். ஈயம் தானாக ஓடிக் காலைச் சுற்றிப் பளபளவென்று சரிந்து நிற்க வேண்டும். உருண்டையாக, மங்கலாக நின்றால் அது ஒட்டியதுபோல நடிக்கிறது, மறுபடி சூடாக்குங்கள். வேலை முடிந்ததும் நுனியில் புது ஈயம் பூசியபடியே அணையுங்கள். வெறும் நுனி கறுத்தால் பிறகு ஈயமே பிடிக்காது. புகையை ஊதித் தள்ள ஒரு சின்ன மின்விசிறி, வேலைக்குப் பின் சவர்க்காரத்தால் கைகழுவல், இரண்டும் கட்டாயம். பலகையை மூடுமுன் தெளிவான அக்ரிலிக் லாக்கரை மெல்லியதாக ஸ்ப்ரே செய்யலாம், இணைப்பிகளை டேப்பால் மறைத்துவிட்டு.

இவ்வளவும் ஓடத் தொடங்கி, டாங்கி, அறை வெப்பம், கதவு என்று மூன்று நான்கு பலகைகள் தரவு அனுப்பும்போதுதான் ராஸ்பெரி பைக்கு இடம் பிறக்கிறது. அவற்றை வாங்கிச் சேர்த்து, வரைபடமாகக் காட்டும் நடுக்கணினியாக அது பொருந்தும். பலகைகளின் செய்திகளை வாங்கிப் பகிரும் மொஸ்கிட்டோ என்ற எம்கியூடிடி மென்பொருளுக்கு 2021இல் 15 டொலருக்கு வந்த பை ஸீரோ 2 டபிள்யூவே தாராளம். பை 5 வேண்டியதில்லை. சொல்லப்போனால், யூனிட்டி பிளாசாவில் பாவித்த லப்டொப் ஒன்று கிடைத்தால் அதையும் எண்ணிப்பாருங்கள். அதற்குள் பற்றரி இருக்கிறது, மின்வெட்டில் அணையாது.

பை வாங்கினால் மறுபடியும் முதல் எதிரி வோல்ட்தான். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது திரையில் மின்னல் குறி காட்டும், வேகத்தைக் குறைக்கும். போன் சார்ஜரின் ஒரு மீற்றர் மெல்லிய கேபிளில் 28 கேஜ் கம்பி இருந்தால் போக வர 0.43 ஓம். ஒரு அம்பியர் ஓடினாலே 5 வோல்ட் 4.57 ஆகிவிடும், சார்ஜரில் 3 அம்பியர் என்று எழுதியிருந்தும் பலனில்லை. அதிகாரபூர்வ சப்ளை 5.1 வோல்ட்டும் தடித்த, கழற்ற முடியாத கேபிளுமாக வருவது இதற்காகவே. பை 4க்கு 3 அம்பியர், பை 5க்கு 5 அம்பியர் சப்ளை. அறையே 31 பாகையில் இருக்கும் ஊரில் பை 5க்கு விசிறியோடு கூடிய கூலரையும் சேர்த்தே வாங்குங்கள். 80 பாகை தாண்டினால் அது தானாக மெதுவாகும்.

மெமரி கார்டைப் போட்டவுடன் இயங்குதளம் எழுத வேண்டாம். 32 ஜிபி என்று அச்சிட்ட 8 ஜிபி போலிகள் சந்தையில் உண்டு. எட்டு நிரம்பும்வரை ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு எழுதியதை எல்லாம் விழுங்கும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற மென்பொருளால் கார்ட் முழுவதையும் எழுதி வாசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், பில் கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் நல்ல கார்டையும் கெடுப்பது. ரவுட்டருக்கு வைத்திருக்கும் மினி யூபிஎஸ்ஸில் 5 வோல்ட் வெளியீடு இருந்தாலும் பெரும்பாலும் 2 அம்பியர்தான். ஸீரோ 2 டபிள்யூவுக்குப் போதும், பை 4க்குப் போதாது. எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் பையின் அமைப்பு மெனுவில் ஓவர்லே கோப்புமுறையை இயக்கினால் கார்டில் எழுதுவதே நின்றுவிடும். அப்போது தரவைச் சேமிக்கத் தனி யூஎஸ்பி டிரைவ் வேண்டும், இல்லாவிட்டால் அணைத்தவுடன் அதுவும் போய்விடும்.

இணையத்தில் உள்ள பழைய பைப் பாடங்கள் இன்று அப்படியே வேலை செய்யாது. 2022 ஏப்ரலுக்குப் பின் "பை" என்ற இயல்புநிலைப் பயனரும் கடவுச்சொல்லும் இல்லை. கார்டை எழுதும் இமேஜர் மென்பொருளிலேயே பயனர்பெயர், வைஃபை, எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து பைக்குள் நுழையும் வழி) மூன்றையும் கொடுத்துவிட வேண்டும். 2023 ஒக்டோபரில் வந்த புக்வேர்ம் பதிப்பிலிருந்து, பூட் பகுதியில் வைஃபை கோப்பை இட்டுவைக்கும் பழைய தந்திரம் பலிக்காது. பைதன் நூலகம் ஒன்றை நிறுவப் போனால் "எக்ஸ்டேர்னலி மேனேஜ்ட்" என்று மறுக்கும். திட்டத்துக்கென ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி அதற்குள் நிறுவினால் போகும். பை 5இல் பின்களை ஆள்வது ஆர்பி1 என்ற வேறு சில்லு என்பதால் பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகம் அதில் ஓடாது. ஜிபிஐஓ ஸீரோவில் எழுதிய கோட் ஓடும். பாடத்தைத் தொடருமுன் அதன் திகதியைப் பாருங்கள். 2023 ஒக்டோபருக்கு முந்தியதென்றால் வயரிங் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறுவும் படிகளை ராஸ்பெரி பையின் இன்றைய ஆவணத்தில் பார்த்துச் செய்யுங்கள்.